கூண்டிலிருந்து இறங்காத குரல்

1900ஆம் வருஷம் ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரியில் சாட்சி சொல்லி முடித்துக் கூண்டைவிட்டு இறங்கிய வேதசிரோமணியோடு அவனுடைய குரல் இறங்கி வரவில்லை. அவன் இரண்டு படி இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். குரல் கூண்டிலேயே நின்று, "நான் பாத்தேன் எசமான், எங்கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். வன்னியம்பட்டிக்காரர்கள் இரண்டு பேர் கிணற்றடிச் சண்டைக்காக வந்து நின்றார்கள். அவர்கள் பேச, குரலும் பேசியது. டவாலி போட்ட சேவகன் வெறும் கூண்டைப் பார்த்து மூன்று தடவை அதட்டினான். கூண்டில் சொல்லப்படுவதை எழுதுவது கச்சேரி குமாஸ்தா ஞானரத்தினத்தின் வேலை. அவர் அன்று சாயங்காலம் வரை ஒன்று விடாமல் எழுதினார். பதினோரு தாள் ஆனது. மறுநாள் காலையில் சேவகன் பூட்டைத் திறந்தபோது உள்ளே அமைதியாக இருந்தது. மாஜிஸ்திரேட் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் குரல் மறுபடி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசாங்க விடுமுறைகளிலும் அது பேசவில்லை.

வேதசிரோமணி ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி அடுக்கும் ஒரு கிட்டங்கியில் சாக்குத் தைக்கிறவன். அப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயது. அவனைக் கெட்டவன் என்று சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை. நல்லவன் என்று சொல்லவும் யாரும் இல்லை, ஏனென்றால் அவனைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவன். வீட்டில் அப்பா பேசினார், சபையில் உபதேசியார் பேசினார், கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை பேசினார். இவன் குரல் தாழ்ந்தது, பேச்சு மெதுவானது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் யாராவது எடுத்து முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே முடித்தார்கள் என்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கல்யாணத்தில், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று போதகர் கேட்டபோது, அவன் எச்சில் விழுங்கிய இடைவெளியில் தாய்மாமன் "சம்மதந்தான் அய்யா" என்று சொல்லிவிட்டார். போதகரும் அதையே பதிலாக வைத்துக்கொண்டு மேலே போனார். மனைவி அமிர்தவல்லி அன்பானவள், சுறுசுறுப்பானவள், வாய் ஓயாதவள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் தானாகத் தொடங்கித் தானாக முடித்த வாக்கியங்களை அவளால் நினைவுபடுத்திச் சொல்ல முடியாது. அதை அவள் கவனித்ததும் இல்லை.

கிட்டங்கியிலிருந்து பஞ்சுப் பொதிகளைச் சாத்தூர் ரயிலடிக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர் அசன் முகம்மது. நாற்பத்தைந்து வயது, சொந்தமாக ஒரு ஜோடி மாடு, அகலமான நெஞ்சு, கேட்டவர்கள் திரும்பிப் பார்க்கிற குரல். மத்தியானம் எல்லோரும் வேப்பமர நிழலில் கஞ்சி குடிக்கும்போது அவர் சாத்தூர்க் கதைகள் சொல்லுவார். ரயிலில் ஏறப் பயந்து தண்டவாளத்து ஓரமாகவே மதுரை வரை நடந்த ஒரு பெரிய மனுஷனைப் பற்றிச் சொல்லும்போது கிட்டங்கி முதலாளியான ராஜாவே மாடியிலிருந்து இறங்கி வந்து தூணோரம் நின்று கேட்பார். வேதசிரோமணி தன் கஞ்சியை ஆறவிட்டுக் கேட்பான். அவனுக்கு அசன் முகம்மதை மிகவும் பிடிக்கும். இதை எழுதிவைப்பது அவசியம், ஏனென்றால் பின்னால் பலரும் பகை என்று சொன்னார்கள். பகை கிடையாது.

முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம், கதை முடிந்த நேரத்தில், வேதசிரோமணி வாயைத் திறந்து மூடியதை அசன் முகம்மது பார்த்துவிட்டார். "ஏய், செத்த சும்மா இருங்கய்யா. நம்ம வேதம் என்னமோ சொல்ல வாரான்" என்றார். "சொல்லு வேதம், நாங்க கேக்கோம்." இருபது முகங்கள் திரும்பின. கிட்டங்கி விட்டத்தில் ஒரு மைனா கூடு கட்டியிருக்கிறது, மூன்று முட்டை இருக்கிறது என்பதுதான் அவன் சொல்ல வந்தது. இருபது முகங்களுக்கு முன்னால் அது சொல்லத் தகுந்த சேதியாகத் தெரியவில்லை. அவன் கஞ்சி வட்டிலைப் பார்த்துக் குனிந்துகொண்டான். யாரோ ஒருத்தன் சிரித்தான். அசன் முகம்மது அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து, முதுகில் தட்டி, "பொறவு சொல்லட்டும், என்ன அவசரம்" என்றார். அன்று பிற்பகல் வேதசிரோமணி தைத்த சாக்குகளில் ஒன்றோடு அவன் வேட்டி முனையும் சேர்ந்து தைபட்டுப் போனது. எழுந்தபோது சாக்கும் கூடவே எழுந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அசன் முகம்மது சிரிக்கவில்லை. உட்கார்ந்து, கத்தி வாங்கி, நூலை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டார். சிரித்தவர்களை வேதசிரோமணி ஒரு வாரத்தில் மறந்துபோனான். நூலை அறுத்த கைகளை மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது.

பங்குனி மாதம் ஒரு நண்பகலில் கிட்டங்கி எரிந்தது. வெயிலில் காய்ந்த பஞ்சு, அரை மணி நேரத்தில் கூரை விழுந்துவிட்டது. தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த நேரம் வேதசிரோமணி முடங்கியாற்றில் குளித்துக்கொண்டிருந்தான். தலை துவட்டும்போதுதான் புகையைப் பார்த்தான். மூன்றாம் நாள் தலைமைக் கான்ஸ்டபிள் வந்து, கரிந்த சுவருக்கு முன்னால் கூலியாட்களை வரிசையாக நிறுத்தி விசாரித்தார். முதல் பதினாறு பேரும் ஒன்றும் தெரியாது என்றார்கள். பதினேழாவது வேதசிரோமணி.

"ஏலே, நீ எதாவது பாத்தியா?"

வேதசிரோமணி எச்சில் விழுங்கினான். வழக்கமாக இந்த இடத்தில் வேறு யாராவது பேசிவிடுவார்கள். அன்று யாரும் பேசவில்லை. கான்ஸ்டபிள் பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மனிதர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. இல்லை என்று சொன்னால் பென்சில் பதினெட்டாவது ஆளிடம் போய்விடும்.

"பாத்தேன்" என்றான்.

"யாரப் பாத்த?"

ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவன் தேடவில்லை. தான் பேசுவதற்காக ஊரை வாய் மூடச் சொன்ன ஒரே மனிதரின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அசன் முகம்மது என்றான். கான்ஸ்டபிள் எழுதினார். எழுதிவிட்டு, "ம், மேல சொல்லு" என்றார்.

ஆனி மாதம் கச்சேரியில் அவன் ஒன்றரை மணி நேரம் பேசினான். அசன் முகம்மதின் வண்டி அன்று கிட்டங்கி வளவில்தான் நின்றது என்பதால் மற்றதெல்லாம் பொருந்திப் போயிற்று. தீக்குச்சியைக் கிழித்த விரல்கள், திரும்பிப் பார்த்த முகம், மாடு மிரண்டு கழுத்து மணி குலுங்கியது, எல்லாம் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்க அவன் பேச்சு தெளிவாகிக்கொண்டே வந்தது. நாற்பது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தொங்கிய பங்காவை இழுக்கிறவன் இழுக்க மறந்து நின்றான். அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடியும்வரை ஒருவரும் தொடவில்லை. நெஞ்சுக்குள் இளஞ்சூடாக ஏதோ பரவியது. அதன் பெயர் சந்தோஷம் என்பது அவனுக்குப் பிறகுதான் விளங்கியது. இடையில் ஒருமுறை அசன் முகம்மதைப் பார்த்தான். அவர் கைதிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசையாக இருந்ததுபோல் இருந்தது. அசன் முகம்மதுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே மோர்ப்பானைக்காரியிடம் நின்றுகொண்டிருந்த அமிர்தவல்லி, "என்ன ஆச்சு, என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. அவள் பதற்றத்தில் அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு, "சரி, வீட்டுல போய்ப் பேசுவோம்" என்றாள். வீட்டிலும் வரவில்லை. இருமல் வந்தது, தும்மல் வந்தது, விக்கல் வந்தது. எதிலும் ஒலி இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் கரண்டியை விட்டுப் பார்த்து, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். உபதேசியார் ஒன்பது நாள் ஜெபித்தார். உபதேசியாருக்குத் தெரியாமல் அமிர்தவல்லி அவனை அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்கவைத்தாள். மலைத்தண்ணீர் தலையில் விழுந்த அடியில் அவன் அலறினான் என்பது முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

குரல் கச்சேரியில் இருக்கிறது என்ற சேதி நாலாம் நாளே ராஜபாளையத்துக்கு வந்துவிட்டது. கச்சேரியில் அவர்களால் ஆனதைச் செய்து பார்த்தார்கள். வேங்கை மரக் கூண்டைத் தூக்கி ஆறடி கிழக்கே வைத்தார்கள். குரல் பழைய இடத்திலேயே, ஓர் ஆளின் தொண்டை உயரத்தில், காற்றில் நின்றது. மாஜிஸ்திரேட் மேலே எழுதிக் கேட்டார். கட்டிடத்தில் சத்தம் என்றால் அது மராமத்து இலாகாவைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. மராமத்து ஆள் வந்து உத்தரக்கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்துப் போனார். அதற்குப் பிறகு அடுத்த வழக்குக்காரர்கள் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

ராஜபாளையத்தில் எல்லோரும் காரணம் தேடினார்கள். குரல் ஓர் ஆளை விட்டுவிட்டு நிற்கிறதென்றால் அவன் சொன்னது பொய் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் சொன்னான் என்பதுதான் விளங்கவில்லை. தளவாய்புரத்து வியாபாரி ஒருவன் காசு கொடுத்துவிட்டான் என்றார்கள் சிலர். மாட்டுத் தகராறு என்றார்கள் சிலர். பெண் விவகாரம் என்று இரண்டு பேர் தனித்தனியாக, தனித்தனிப் பெண்களின் பெயரோடு சொன்னார்கள். காசுக்கு ஆசைப்படுகிறவர்கள் காசு என்றார்கள், பொறாமைக்காரர்கள் பொறாமை என்றார்கள், பயந்தவர்கள் போலீஸ் மிரட்டியிருக்கும் என்றார்கள். தாங்கள் எதற்காகப் பொய்ச்சாட்சி சொல்வார்களோ அதை ஒவ்வொருவரும் அவனுக்குக் கொடுத்தார்கள். கிட்டங்கிக்கார ராஜா மட்டும் அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்து, ஏனடா என்பதைத் தன் வீட்டுத் தெலுங்கில், "எந்துக்குரா?" என்று கேட்டார். வேதசிரோமணி அந்தக் காரணங்களில் ஏதாவது ஒன்று தனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான். காசு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பகை இருந்திருந்தால் காலில் விழலாம். தன்னிடம் இருந்த காரணம் மைனா முட்டையளவுகூட இல்லை. அதை வெளியே காட்டுவதைவிடக் கைக்கூலி வாங்கினவன் என்ற பெயரே மேல் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஐப்பசியில் அசன் முகம்மதின் தாயார், மகன் தீ வைத்தவன் என்ற தீர்ப்பு மாறும் முன்பே செத்துப்போனார். ஜனாஸா தெருவைக் கடந்தபோது வேதசிரோமணி கதவுக்குப் பின்னால் நின்றான்.

தை மாதத்தில் குரல் மாறத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் ஞானரத்தினம். தீக்குச்சி, விரல், மாட்டு மணி என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டே வந்த குரல் ஒருநாள் நடுவில், "தண்ணி சில்லுன்னு இருந்துச்சு எசமான்" என்றது. மறுநாள், "முடங்கியாத்துல முழங்காலளவு தண்ணி" என்றது. யாரும் குறுக்கிடாமல் ஏழு மாதம் பேசிய பிறகு பொய்யில் சொல்வதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிருக்க வேண்டும். வாரம் ஒன்றிரண்டாகப் பொய் உதிர்ந்தது. மாட்டு மணி போயிற்று, விரல் போயிற்று. பங்குனி பிறந்தபோது அது ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டிலிருந்து தொடங்கி, தாய்மாமன், மைனா, வேட்டி முனை என்று வரிசையாகச் சொல்லி, "நான் ஒண்ணும் பாக்கலை எசமான். நீங்க கேட்டிய, அதான் சொன்னேன்" என்று முடித்தது. ஞானரத்தினம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். சாட்சி என்றால் ஆள் வேண்டும், பேர் வேண்டும், தகப்பன் பேர் வேண்டும், கையெழுத்து வேண்டும், வெறும் குரலைச் சாட்சியாக எடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று மாஜிஸ்திரேட் வருத்தத்தோடு சொன்னார்.

ஞானரத்தினம் வண்டி பிடித்து ராஜபாளையம் வந்தார். அமிர்தவல்லி கிணற்றுக்குப் போயிருந்தாள். "உம்ம குரல் உள்ளதச் சொல்லிட்டு ஓய்" என்றார். "நீரு வந்து அது பக்கத்துல செத்த நேரம் நின்னு, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். உமக்குத் தண்டனை உண்டு, மறைக்கலை. ஆனா அந்த மனுசன் வெளிய வந்துருவாரு." வேதசிரோமணி சிலேட்டை எடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா என்று எழுதிக் காட்டினான். "எல்லாத்தையும்" என்றார் ஞானரத்தினம். "எத்தனை பேர் கேட்டார்கள்" என்று எழுதினான். "கச்சேரி நெறைஞ்சு நின்னுச்சு." அவன் சிலேட்டை அழித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஜெயிலுக்குப் பயந்தான் என்று ஞானரத்தினம் நினைத்தார். ஜெயிலைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. இவ்வளவு சின்ன ஆசைக்காக ஒரு மனிதரை விழுங்கினவன் என்று நாற்பது பேர் பார்க்க அந்த இடத்தில் போய் நிற்க அவனால் ஆகவில்லை. இந்த வெட்கத்துக்காக அசன் முகம்மது மேலும் இரண்டு மாதம் கல்லுடைத்தார்.

அசன் முகம்மதின் மனைவி அசீனா பங்குனி முழுவதும் ராஜபாளையத்திலிருந்து ஏழு மைல் நடந்துபோய்க் கச்சேரியின் பின்வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. முதலில் புருஷனின் பெயர் வருகிற இடத்துக்காக மட்டும் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். வைகாசியில் ஒரு காலை அவள் வேதசிரோமணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அமிர்தவல்லி முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "உள்ள வாங்க ராத்தா" என்றாள். அசீனா வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கேட்டாள்.

"வேதண்ணே, எங்க வீட்டுக்காரவுக ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாவ?"

அவன் எழுந்து நின்றான்.

"ஒங்களப் பேசவிடுங்கன்னு ஊர வாய மூடச் சொன்னாவ. அதுக்கா?"

அமிர்தவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ராத்தா சொல்லுதிய? இவிய எப்ப..." என்று தொடங்கினாள். அசீனா அவளிடம் கச்சேரியில் கேட்டதையெல்லாம், கேட்ட வரிசையிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். தாய்மாமன் முந்திக்கொண்டதைச் சொன்னாள். கஞ்சி வட்டிலுக்கு முன்னால் வீட்டுக்காரி முடித்துவைத்த பேச்சுகளைச் சொன்னாள். அமிர்தவல்லி கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் பலமுறை திறந்தது, ஒவ்வொரு முறையும் அவளே அதை மூடிக்கொண்டாள். வேதசிரோமணி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுதது தோளில் தெரிந்தது.

"எங்க மாமி செத்தாவ. அதையும் நான் சொல்ல வரல" என்றாள் அசீனா. "அந்தக் கொரலு எம்புட்டுப் பேர் இருந்தாலும் கூச்சப்படாமச் சொல்லுது. ஒங்களுக்குத்தான் கூச்சம். ஒங்க கூச்சத்துக்கு எங்க வீட்டுக்காரவுக எத்தனை நாளு கல்லு ஒடைக்கணும்? அத மட்டும் சொல்லுங்க, நான் போறேன்."

அவன் சிலேட்டைத் தேடினான். அமிர்தவல்லி அதை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவன் என்ன எழுதப்போகிறான் என்று அவள் சொல்லவில்லை. காத்திருந்தாள். அவன் எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. எழுதியது ஒரு சொல்தான். "வருகிறேன்."

மூன்று பேரும் அன்றே நடந்தார்கள். அசீனா முன்னால், பத்தடி பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் அமிர்தவல்லி. கச்சேரியில் குரல் வேட்டி முனைக் கட்டத்துக்கு வந்திருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் நடுவே நடந்துபோய் அந்த இடத்தில் நின்றான். குரல் அவன் தொண்டைக்கு நேராக வந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. உதடுகள் மூடியிருக்க, அவனுடைய பேச்சு அவனுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் ஒலித்தது. சிரிப்பு நின்றது. அவன் முகத்தை மறைக்க முயலவில்லை. முடிவு வரை நின்றான். இது உம்முடைய குரல்தானா என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்குத் தலையசைத்தான். இது சொல்வது உண்மையா என்றதற்கும் அசைத்தான். ஞானரத்தினம் நீட்டிய தாளில், தகப்பன் பேரோடு, தெளிவான எழுத்தில் கையெழுத்துப் போட்டான். பொய்ச்சாட்சிக்கு அவனுக்கு இரண்டு வருஷம். அவன் பாளையங்கோட்டைக்குள் போன வாரத்தில் அசன் முகம்மது வெளியே வந்தார். வாசலில் அவர்கள் சந்திக்கவில்லை. அசன் முகம்மது கல்லுடைத்த இடத்தை ஒரு கைதி அவனுக்குக் காட்டி, இங்கேதான் உன் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார் என்றான். இரண்டு வருஷமும் அங்கேயே உட்கார்ந்தான்.

வீடு திரும்பிய அசன் முகம்மதை ஊர் நன்றாகவே வைத்துக்கொண்டது. புதுக் கிட்டங்கி எழும்பியதும் ராஜா முதல் பொதியை அவர் வண்டியில்தான் ஏற்றினார். ஆனால் மத்தியானத்தில் அவர் கதை சொல்லத் தொடங்கினால் ஆட்கள் முன்னைவிட அமைதியாகக் கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் நடுவில் கேலி பேசவில்லை, சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே சிரித்தார்கள். அவர்களுக்குத் தங்கள்மேலேயே வெட்கம். பொய்ச்சாட்சி என்று தெரிந்தும் அவருக்காக ஒருவரும் வாய் திறக்காத பதினொரு மாதங்கள் அவர்கள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மரியாதைக்கு நடுவில் அவரால் கதை சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் பாதியில் நிறுத்தி, "நீங்க எதையாவது பேசிக்கிட்டு இருங்கப்பா, நான் கேக்கேன்" என்றார். பிறகு அவர் சொல்லவே இல்லை.

1903இல் விடுதலையான வேதசிரோமணி ஒருநாள் சாத்தூர்ச் சாலையில் உச்சி வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி நின்றது. அசன் முகம்மது நுகத்தடியைப் பார்த்துக்கொண்டே, "ஏறு" என்றார். அவன் தயங்கினான். "ஒம்மேல கோவம் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். வெயிலு கொளுத்துது, ஏறு." ஒன்பது மைல் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். இறங்கும்போது வேதசிரோமணி கை கூப்பினான். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல வருஷங்கள் ஒரே தெருவில் குடியிருந்தார்கள்.

குரல் அவனிடம் திரும்பவில்லை. கச்சேரி கூடும் நாட்களில் பதினொரு மணிக்குத் தொடங்கி, ஏழு பிள்ளைகளிலிருந்து கையெழுத்து வரை சொல்லி ஒரு மணிக்கு முடிக்கும். வழக்கு விஷயமாகப் போகிறவர்கள் வரும் வழியில் அவன் வீட்டுப் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கு, ஒண்ணும் கொறையில்ல" என்று அமிர்தவல்லியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் மாறினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டும்போது சேவகன் பதிவேட்டு அலமாரி, மைக்கூடு, குரல் என்ற வரிசையில் காட்டினான்.

1909 கார்த்திகையில் வேதசிரோமணி தானாகக் கிளம்பிப் போனான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் அதைக் கேட்டதே இல்லை. பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தான். நரைத்துவிட்டான், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குரல் சொன்னது. முன்னால் நாற்பது தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பால்குடிப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, கட்டம் கட்டமாக உச்சுக்கொட்டினாள். வக்கீல் ஒருவர் எழுந்து போகப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சொல்லப்படுவது தன் அசிங்கம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் நெஞ்சுக்குள் அந்த இளஞ்சூடு பரவியது. கூண்டில் நின்ற அன்று பரவிய அதே சூடு, அதே அளவு, ஒரு துளியும் குறையவில்லை. ஒரு தாயார் செத்ததும், ஒரு மனிதர் கதையை விட்டதும், இரண்டு வருஷம் கல்லுடைத்ததும் அதைத் தொடவே இல்லை. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தான். ஏழு மைலும் வேகமாக நடந்தான், யாரோ துரத்துவதுபோல.

வீட்டில் சிலேட்டை எடுத்து, "இன்னும் இருக்கிறது" என்று எழுதி அமிர்தவல்லியிடம் நீட்டினான். அவள் அடுப்பு வெளிச்சத்தில் படித்தாள். எது என்று கேட்கவில்லை. அவன் மேலும் எழுதக்கூடும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். அவன் எழுதவில்லை.

"இருந்துட்டுப் போகுது" என்றாள். "அது இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு இருங்க. கையக் கழுவுங்க, கஞ்சி ஆறுது."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையிலிருந்தே மழை. பதினொரு மணிக்குக் கச்சேரி கூடியது. குரல் தொடங்கியது. கூட்டம் குறைவு.